உப்பு சரியாக இருந்தால்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் உப்பளங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்ததும் சிலர் வாயில் என்ன வருகிறது? "உப்பு ஏன் இப்படிப் பழுப்பா இருக்கு?" "மழைக்காலத்துல இவங்களுக்கு வேலையே கிடையாதாம். அதுக்கு அரசாங்கம் காசு வேற குடுக்குதாம்!"

ஆமாம், கொடுக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குடும்பத்துக்கு 5,000 ரூபாய். மாதத்துக்கு அல்ல, மூன்று மாதத்துக்கும் சேர்த்துத்தான் அந்த ஐயாயிரம். பாத்தியில் மழைத் தண்ணீர் நின்றால் உப்பு எப்படி விளையும்? மற்ற மாதங்களில் கண் கூசும் வெயிலில், உப்புத் தண்ணீரில் நின்று உப்பை வாருகிற பெண்களைப் பார்த்துத்தான், காரில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு இந்தப் பேச்சு.

அப்படியானால் குறையே சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். உப்பளத்தில் அது அன்றாட வேலை. பாத்தித் தண்ணீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் அளந்து பார்ப்பார்கள். ஏறக்குறைய 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்கும். 29-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும்; அதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். "தண்ணி முத்திப்போச்சு, தொறந்து விடு" என்று சொல்கிறவர் குறை சொல்கிறவர்தான். ஆனால் நேரத்தோடு சொல்கிறார், தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறார். வாருகிறவரின் அப்பன் பாட்டனை இழுப்பதில்லை. நம் வீட்டுக் குறையோ குழம்பில் தொடங்கி மருமகளின் பிறந்த வீட்டில் போய்த்தான் நிற்கும்.

குறை சொல்லாத ஒருவனின் கதையும் இந்த ஊருக்கு உண்டு. சங்க காலத்து எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில் வருகிற ஊர். அதைப் பாடிய புலவர் நத்தத்தனாரும் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர். அந்தப் பாட்டில், பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனிடம், ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் போய்ப் பார் என்கிறான். வழியில் இந்தக் கடற்கரையில் சுட்ட மீன் கிடைக்கும் என்றும் சொல்லி அனுப்புகிறான். இருவருக்கும் ஒரே தொழில். பார்க்கப்போனால் போட்டியாளர்கள். ஆனாலும் மற்றவன் பாட்டைப் பழிக்கவில்லை, யாழைக் குறை சொல்லவில்லை, வழிதான் சொன்னான். இன்று ஒரே தெருவில் இரண்டு தையற்கடை இருந்தால், ஒருவர் வெட்டிய சட்டையைப் பற்றி மற்றவர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும்.

உப்பு கூடினால் சொல்கிறோம், குறைந்தால் சொல்கிறோம். இன்று இரவு சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தால், சமைத்தவரிடம் அதையும் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.