பழைய பாட்டைப் பாடாத பாடகர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் போனில், "பத்து நிமிஷம் பேசிடு, ராத்திரி அந்தப் பழைய பாட்டைப் பாடிடு" என்றார். எந்தப் பாட்டு என்று என் வகுப்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1979 கல்லூரி விழாவில், கடன் வாங்கிய கிதாரில், தெரிந்த மூன்றே கார்டுகளை வைத்துக்கொண்டு நான் பாடிய பாப் டிலனின் 'ப்ளோயிங் இன் தி விண்ட்'. அதற்கப்புறம் நான் வந்த ஒவ்வொரு கூடலிலும் அதையேதான் பாடியிருக்கிறேன். இந்த வருஷம் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணத்தைச் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிஷம்.

அந்தப் பாட்டு இருந்த டேப் என்னுடையது அல்ல. பதினாலாம் நம்பர் அறையில் என்னோடு இருந்தவனுடையது. யாரைச் சொல்கிறேன் என்று முன் வரிசைக்குத் தெரியும். பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றியே அந்த டேப்பைத் தேய்த்தோம்.

தம்பி தங்கைகளுக்காக ஒரு சின்ன முன்கதை. டிலன் 1941இல் பிறந்தவர். கிதாரும் மௌத் ஆர்கனுமாகப் பாடிப் பேர் வாங்கியவர், 1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் எலெக்ட்ரிக் கிதாரோடு மேடை ஏறினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. மறு வருஷம் மான்செஸ்டரில் ஒரு ரசிகர் 'யூதாஸ்' என்றே கத்தினார். பழைய மாதிரி பாடவில்லை என்ற கோபம்தான். அதாவது, என்னைப் போன்ற ரசிகர்கள் அவருக்குப் புதிதல்ல.

நானும் கத்தியவன்தான், வீட்டுக்குள். 2012க்குப் பிறகு அவர் சொந்தப் பாட்டில் ஆல்பமே போடவில்லை. 2015இலிருந்து 2017வரை, பெரும்பாலும் ஃபிராங்க் சினாட்ரா பாடிய பழைய அமெரிக்கப் பாட்டுகளாக எடுத்து, மொத்தம் ஐந்து குறுந்தகடுகள் நிறையப் பாடினார். "சரக்கு தீர்ந்துபோச்சுடா" என்று அறைத்தோழனிடம் சொன்னேன். நோபல் பரிசு வாங்கிய மனுஷனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை!

2020 மார்ச் மாதக் கடைசி. ஊரடங்கு தொடங்கி இரண்டு மூன்று நாள். 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' என்று ஒரு பாட்டு திடீரென்று வந்தது. ஏறக்குறைய பதினேழு நிமிஷம். 1963இல் கென்னடி டல்லாஸில் சுடப்பட்டதில் ஆரம்பிக்கிறது. பாதிக்கு மேல் என்ன ஆகிறதென்றால், ரேடியோ அறிவிப்பாளர் ஒருவரிடம் இந்தப் பாட்டைப் போடு, அந்தப் பாட்டைப் போடு என்று கேட்டுக்கொண்டே போகிறார். நேயர் விருப்பம்தான், வேறென்ன. ஆனால் சாவு வீட்டில் உட்கார்ந்து கேட்கிற நேயர் விருப்பம். பில்போர்டு பட்டியல் ஒன்றில் அவருடைய சொந்தப் பெயரில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு இதுதான் என்றால் நம்புவீர்களா? எழுபத்தெட்டு வயதில்!

ஜூன் 19 அன்று 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' ஆல்பம் வந்தது. பத்துப் பாட்டு. குரல் கரகரதான். ஆனால் அந்த ஐந்து தகடுகளில் மெதுவாகப் பாடிப் பழகியது வீண்போகவில்லை என்பது என் கட்சி. இருட்டில் படி இறங்குகிறவர் காலை வைப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வைக்கிறார். 'கீ வெஸ்ட்' என்ற பாட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. ஒன்பது நிமிஷத்துக்கு மேல், அக்கார்டியன் பின்னால் அலைபோல வந்து வந்து போகும். பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஆள் செய்கிற இன்னொரு பாட்டைக் கேட்டு என் மனைவி, "சாப்பிடுற நேரத்தில் இதை நிறுத்துங்க" என்றாள். குறையும் உண்டு. ப்ளூஸ் பாணிப் பாட்டுகள் மூன்று, ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் மெட்டு 1954இல் பில்லி எமர்சன் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது என்பதும் தெரிந்த விஷயம். அவற்றை நான் தள்ளிவிட்டுத்தான் கேட்கிறேன்.

2024 நவம்பரில், மகன் தயவில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவரை நேரில் பார்த்தேன். வாசலிலேயே செல்போனைப் பையில் போட்டுப் பூட்டிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எண்பத்து மூன்று வயது மனுஷர் மங்கலான வெளிச்சத்தில் பியானோவுக்குப் பின்னால். புது ஆல்பத்தின் பாட்டுகளே பெரும்பாலும். பழசில் சிலவற்றைப் பாடினார், ஆனால் மெட்டு வேறு. பாதிப் பாட்டு போன பிறகு வார்த்தையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். என் பாட்டு வரவே இல்லை. கடைசியாக 1981ஆம் வருஷத்து 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் ஸாண்ட்'. மௌத் ஆர்கனை எடுத்தார், வாசித்தார், முடிந்தது.

வெளியே குளிரில் நின்றபோது எனக்கு மனசு சரியில்லை. இத்தனை தூரம் வந்தும் அந்த ஒரு பாட்டு கிடைக்கவில்லையே என்று மகனிடம் புலம்பினேன். "அப்பா, அதான் உங்களுக்கே பாடத் தெரியுமே" என்றான் பயல்.

அப்போதுதான் அறைத்தோழன் நினைவு வந்தது. ஊரடங்கில் அந்தப் பதினேழு நிமிஷப் பாட்டை அவன் அவன் வீட்டிலும் நான் என் வீட்டிலும், போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒன்றாகக் கேட்டோம். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான்: "டேய், அந்த ஆள் இன்னும் புதுசா எழுதுறாண்டா. நீ இன்னும் அதே மூணு கார்டு." 2021 மே மாதம் அவன் போய்விட்டான். கடைசியாக என் பாட்டைப் பற்றி அவன் சொன்னது அதுதான். அதற்குப் பிறகு வந்த கூடலிலும் நான் அதே மூணு கார்டைத்தான் வாசித்தேன். நீங்களும் கை தட்டினீர்கள்.

ஆகவே நண்பர்களே, இன்று ராத்திரி அந்த ஆல்பத்திலிருந்து 'மதர் ஆஃப் மியூசஸ்' பாடப் போகிறேன். மெதுவான பாட்டு. நாலு மாசமாகப் பழகுகிறேன், இன்னும் மனப்பாடம் ஆகவில்லை, பேப்பர் வைத்துக்கொள்வேன். ஓரிடத்தில் விரல் மாறுவதற்குள் தாளம் போய்விடுகிறது, கண்டுகொள்ளாதீர்கள். பழைய பாட்டுதான் வேண்டும் என்பவர்கள் மேடைக்கு வந்து பாடலாம், கிதாரை நான் தருகிறேன். சாப்பாடு எட்டு மணிக்கு என்று செயலாளர் சொல்லச் சொன்னார்.