கடைப் பலகையில் பாட்டியின் பெயர்



நம் ஊர்க் கடைத்தெருவில் ஒருநாள் மெதுவாக நடந்து, பெயர்ப் பலகைகளை மட்டும் வாசித்துக்கொண்டே போனால், ஒரு பெரிய குடும்பத்தின் புகைப்பட ஆல்பத்தைப் புரட்டுவதுபோல இருக்கும். அன்னை ஸ்டோர்ஸ், தம்பி டீக்கடை, ஆத்தா மெஸ், செல்லம்மா தையலகம். சில பலகைகளில் புனித அந்தோணியார் இருப்பார், ஆரோக்கிய அன்னை இருப்பார். சில பலகைகளிலோ யாருக்கும் பொருள் விளங்காத ஒரு செல்லப்பெயர் இருக்கும். உள்ளே போய்க் கேட்டால், "சின்ன வயசுல எங்க அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார்" என்று கடைக்காரர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு வீடு முழுவதும் தெரியும்.

இன்று நம் பங்குகளில் பலர் சிறுதொழில் தொடங்குகிறார்கள். முறுக்கு, ஊறுகாய், சத்துமாவு, மசாலாப் பொடி, தையல், மெழுகுவர்த்தி என்று வீட்டிலிருந்தே உழைக்கும் சகோதரிகள் நம் அன்பியங்கள்தோறும் இருக்கிறார்கள். வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, தொழிலின் பெயர் என்ன என்று கேட்டிருக்கும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. என்ன பெயர் வைப்பது? இது சின்னக் கேள்விபோலத் தெரிகிறது. ஆனால் நாம் எங்கிருந்து வந்தோம், யாருடைய உழைப்பில் வளர்ந்தோம், யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்விகளெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

நம் தமிழகத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்றொருவர் இருந்தார். வசதி படைத்தவர்கள் வாங்கும் பொருளை ரிக்‌ஷா ஓட்டுபவரும் கூலி வேலை செய்பவரும் வாங்கிப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம். பெரிய டப்பாக்களில் விற்ற பொருள்களைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி விற்றுப் பார்த்தார். அவர் காலத்தில் அந்த முயற்சி பெரிய அளவில் வெற்றி பெறவில்லை. அந்த எண்ணத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர் சி.கே. ரங்கநாதன். 1983-ஆம் ஆண்டு 15,000 ரூபாய் முதலீட்டில் அவர் தனியாகத் தொழில் தொடங்கினார். சின்னஞ்சிறு பாக்கெட்டில் அவர் விற்ற ஷாம்புவின் பெயர் 'சிக்'. அது தந்தை சின்னிகிருஷ்ணனின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர். பின்னர் 1998-இல் நிறுவனத்தின் பெயர் 'கெவின்கேர்' ஆனபோதும், அழகு என்று பொருள்படும் 'கவின்' என்ற தமிழ்ச் சொல்லோடு, ஆங்கிலத்தில் எழுதும்போது தந்தையின் பெயருக்குரிய இரண்டு முதலெழுத்துகளும் அதில் வந்து அமர்ந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மகன் தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. எளியவருக்கும் எட்டும் விலை என்ற தந்தையின் எண்ணத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். பெயரும் எண்ணமும் ஒன்றாக வந்ததால் அந்தப் பெயருக்கு உயிர் இருந்தது.

"எங்கள் வீட்டில் நினைத்துப் பார்க்கும்படி அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். குடியால் சிதைந்த வீடு, சிறு வயதிலேயே தாயை இழந்த வீடு, உறவினர் வீட்டிலும் விடுதியிலும் கழிந்த பிள்ளைப் பருவம். அவர்களுக்காக இன்னொருவரை நினைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் 1932-இல் பிறந்த டேவ் தாமஸ் ஒரு தத்துப்பிள்ளை. அவருக்கு ஐந்து வயதானபோது வளர்ப்புத் தாய் இறந்துபோனார். வளர்ப்புத் தந்தை வேலை தேடி ஊர் ஊராகப் போக, பிள்ளையும் கூடவே அலைந்தான். உணவகங்களில் சாப்பிடப் போகும்போது, பக்கத்து மேசைகளில் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து ஏங்குவானாம். கோடை நாள்களில் வளர்ப்புப் பாட்டியின் வீடுதான் அவனுக்குப் புகலிடம். எந்த வேலையையும் குறுக்கு வழியில் முடிக்காதே என்று அந்தப் பாட்டி சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து 1969 நவம்பரில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஓர் உணவகம் திறந்தார். அதற்குத் தம் மகள் மெலிண்டாவின் செல்லப்பெயரை வைத்தார். மெலிண்டா என்ற பெயர் வீட்டுப் பிள்ளைகளின் மழலையில் திரிந்து 'வெண்டி' ஆகியிருந்தது. அதுவே 'வெண்டிஸ்' என்ற உணவகம். தனக்குக் கிடைக்காத குடும்ப மேசையை அவர் ஊராருக்கு விரித்து வைத்தார். 1992-இல், பெற்றோரற்ற பிள்ளைகளுக்கு வீடு தேடித்தரும் அறக்கட்டளை ஒன்றையும் தொடங்கினார். ஆகவே நல்ல நினைவு உள்ளவர்களுக்கு மட்டுமே பெயர் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஏக்கத்திலிருந்தும் ஒரு பெயர் பிறக்கும். நமக்குக் கிடைக்காததை நம் பிள்ளைகளுக்குத் தருவோம் என்ற உறுதியிலிருந்தும் பிறக்கும்.

திருவிவிலியத்தின் தொடக்கநூல் 26-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கைப் பார்க்கிறோம். அவருடைய தந்தை ஆபிரகாம் காலத்தில் வெட்டப்பட்ட கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார். தோண்டியபின், தம் தந்தை வைத்திருந்த அதே பெயர்களை அந்தக் கிணறுகளுக்கு வைத்தார். ஆடுமாடு வைத்திருந்த குடும்பத்துக்குக் கிணறுதான் தொழில், கிணறுதான் முதலீடு. ஈசாக்கு வெறும் பெயரை மட்டும் எழுதி நட்டுவைத்திருந்தால் ஆடுகள் தாகத்தால் செத்திருக்கும். முதலில் மண்ணை அள்ளினார், தண்ணீரைக் கண்டார், பிறகு பெயரிட்டார். பிறகு புதிதாகவும் கிணறுகள் தோண்டி, அவற்றுக்குப் புதுப் பெயர்களும் வைத்தார். பழைய பெயரைக் காப்பதும் புதிய பெயரைத் தேடுவதும் ஒரே பிள்ளை செய்யக்கூடியவைதான்.

நம் நினைவுகளின்மேலும் மண் விழுந்து கிடக்கிறது. சில வேளை அந்த மண்ணின் பெயர் வெட்கம். நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி ஊறுகாய்த் தொழில் தொடங்கினார். பக்குவம் அவருடைய பாட்டியுடையது. பாட்டிக்குத் திருமுழுக்குப் பெயர் ஒன்று இருந்தாலும், அவருடைய நிறத்தை வைத்து ஊரார் கூப்பிட்ட பெயர்தான் கடைசிவரை நிலைத்தது. அந்தப் பெயரையே பாட்டிலில் ஒட்டலாம் என்றார் சகோதரி. பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. "காலேஜ்ல எல்லாரும் சிரிப்பாங்கம்மா, ஸ்டைலா ஏதாவது வைங்க" என்றார்கள். அம்மா கோபப்படவில்லை. "அந்தக் கிழவி தலையில பானையைச் சுமந்துட்டு சந்தைக்கு நடந்துதான் என்னைப் படிக்க வெச்சா. அந்தப் பேரச் சொல்லித்தான் ஆளுங்க தேடி வந்து வாங்குனாங்க. அவ பேருக்கு நாம வெட்கப்பட்டா, அவ நடந்த நடைக்கு என்ன மரியாதை?" என்று மட்டும் கேட்டார். இன்று அந்தப் பாட்டில்களில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஏளனமாக ஒட்டிக்கொண்ட பெயரை ஒரு பேத்தி மாலையாக்கிப் போட்டுவிட்டார்.

அன்பானவர்களே, குடும்ப நினைவிலிருந்து பெயர் எடுக்கும்போது சில காரியங்களையும் மறந்துவிடக் கூடாது.

முதலாவது, அந்த நினைவு நமக்கு மட்டும் சொந்தமானதன்று. அம்மாவின் பெயர் என்றால் அண்ணனுக்கும் தங்கைக்கும் அதில் பங்குண்டு. உட்கார்ந்து பேசி, எல்லாருடைய மனத்தோடும் வையுங்கள். பின்னாளில் பாகம் பிரியும்போது சொத்தைவிடப் பெயருக்காக நடக்கும் சண்டை கொடியது. பெயருக்குரியவர் உயிரோடு இருந்தால் அவரிடமும் கேளுங்கள். டேவ் தாமஸ் தம் கடைசிக் காலத்தில் மகளிடம் வருத்தம் தெரிவித்தாராம். ஒரு பெரிய நிறுவனத்தின் பாரத்தைச் சிறுமியின் தோளில் வைத்துவிட்டேனே என்று. பிள்ளைகளின் பெயரை வைக்க நினைக்கும் பெற்றோர் இதையும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, அதே பெயரில், அதே தொழிலில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று முன்கூட்டியே பாருங்கள். 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறியீடுகள் சட்டத்தின்படி பெயரைப் பதிவு செய்தால் அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். சிறுதொழில் என்பதற்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். இவற்றை உலகக் காரியம் என்று தள்ள வேண்டாம். பாட்டியின் பெயரை மதிப்பது என்றால், அதைப் பிறர் பறித்துக்கொள்ளாமல் காப்பதும் அதில் சேரும்.

மூன்றாவதுதான் மிகவும் கடினமானது. அம்மாவின் பெயரைப் பலகையில் ஏற்றிவிட்டு, தராசில் கை வைக்க முடியுமா? பாட்டியின் பெயரில் விற்கும் மிளகாய்த் தூளில் சாயம் கலக்க முடியுமா? அப்பாவின் பெயரில் நடக்கும் கடையில், வேலை செய்யும் பெண்ணின் கூலியைப் பிடித்து வைக்க முடியுமா? வேறு பெயர் என்றால் மனச்சாட்சி கொஞ்சம் தூங்கக்கூடும். இந்தப் பெயர் தூங்கவிடாது. காலையில் கதவைத் திறக்கும்போதும் இரவில் கல்லாவை எண்ணும்போதும் அவர்கள் தலைக்குமேல் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நாசரேத்தில் இயேசுவை ஊரார் தச்சரின் மகன் என்று அடையாளம் சொன்னார்கள். சூசையப்பரின் உழைப்பு மகனுக்கு முகவரி ஆயிற்று. நம் பெற்றோரின் நேர்மையும் நமக்கு அப்படியொரு முகவரிதான்.

இந்த வாரம் ஒன்று செய்வோம். தொழில் தொடங்குபவரானாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் பெரியவர்களோடு சிறிது நேரம் உட்கார்ந்து, "உங்க அம்மா உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க? உங்க வீட்டுல என்ன சமையல் மணக்கும்? எதை வித்து உங்களை வளர்த்தாங்க?" என்று கேட்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைப்போம். அதிலிருந்து ஒரு கடைக்குப் பெயர் கிடைக்கலாம். கிடைக்காவிட்டாலும், பேரப்பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாதிருந்த ஒரு பாட்டி கிடைப்பார்.

நம் முன்னோரின் வியர்வையை மறவாத இறைவன், நம் கைகளின் உழைப்பையும் நம் வீட்டுத் தொழில்களையும் ஆசீர்வதிப்பாராக.