நிற்கிறேனா, கிடக்கிறேனா?



ஒரேத்தோ வீதியில் வளர்ந்த என் மருமகன், அயல்வீட்டு ஆச்சிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கிருந்து லண்டன் பெரியம்மாவுக்கு "ஐ ஆம் இன் ஹொஸ்பிற்றல்" என்று செய்தி அனுப்பினான். அங்கே ஒரே அழுகை; விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள்.

இத்தாலியனில் இரண்டுக்கும் "இன் ஒஸ்பெதாலே" தான். ஆங்கிலேயருக்கு "இன்" என்றால் மறித்து வைத்த நோயாளி. "அற் த ஹொஸ்பிற்றல்" என்றால் அங்கே நிற்கிறார், அவ்வளவுதான். சிறைக்கும் அப்படியே: "இன் பிரிசன்" கைதி; "அற் த பிரிசன்" பார்க்கப் போனவராகவும் இருக்கலாம்.

தமிழில் "இல்" ஒன்றுதான். வேறுபாட்டை வினைச்சொல் காட்டிவிடும். ஆகவே பிள்ளைகளே, ஆங்கிலத்தில் எழுதுமுன் தமிழில் கேளுங்கள்: நிற்கிறேனா, கிடக்கிறேனா?