பல்லோடு பிசின் ஒட்டும் விதம்



உடைந்த பல் உடைந்ததுதான் என்று நம் வீடுகளில் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஜொகூரில் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நானும் அண்மைக்காலம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தேன். பஃபலோ ரோட்டில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓடி விளையாடிய அவளுடைய 11 வயது மகன், கால் இடறிக் கல் மேசையில் முகம் மோத விழுந்தான். மேல் முன்பல்லில் ஏறக்குறையப் பாதி முறிந்துவிட்டது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதலுதவிப் பாடத்தில் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. விழுந்த பல்லைக் காயவிடாதே, பாலில் போடு என்பார்கள். முழுப் பல்லுக்குச் சொன்னது துண்டுக்கும் பொருந்துமோ என்னவோ என்ற ஐயத்தோடுதான் மேசைக்கடியில் மண்டியிட்டுத் தேடினேன். அரிசிமணி அளவில் அது கிடைத்தது. தேக்கா சந்தைப் பக்கம் ஒரு கடையில் பால் வாங்கி, அதில் போட்டு எடுத்துக்கொண்டு, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு பல் மருந்தகத்துக்கு ஓடினோம். அதற்குள் பையனின் தந்தை, "வீட்டில் சூப்பர் குளூ இருக்கிறதே, நானே ஒட்டிவிடட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். வீட்டுப் பசையால் ஒட்டினால், பல் சற்றே தவறிப் பொருந்திவிடும், ஈறு வெந்து போகும், பிறகு மருத்துவரும் அதைச் சுரண்டி எடுக்கத்தான் பாடுபடுவார்.

மருத்துவ அம்மையார் முறிந்த இடத்தை முதலில் உற்றுப் பார்த்தார். நடுவே சிவப்புப் புள்ளி தெரிந்தால் நரம்பு வெளிப்பட்டுவிட்டது என்று பொருளாம். நல்ல வேளை, அப்படி எதுவும் இல்லை. துண்டைப் பொருத்திப் பார்த்தார். விரிசல் கோடு மட்டும் தெரிய அது உட்கார்ந்துகொண்டது. பிறகு நீல நிறக் களிம்பு ஒன்றை முறிந்த இரு முகங்களிலும் தடவினார். அது என்னவென்று கேட்டேன். "37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலம், டீச்சர்" என்றார். எனக்குத் திக்கென்றது. பல்லைச் சொத்தையாக்குவதே அமிலம் என்றல்லவா நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறேன்!

நேயர்களே, நான் பேச வந்த செய்தி இங்கேதான் இருக்கிறது. பல்லின் மேலோடாகிய எனாமல், அதாவது பற்சிப்பி, எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப் பொருள். நம் உடலில் அதைவிடக் கடினமானது வேறில்லை. அது வழவழப்பாகவும் எச்சில் படிந்தும் இருப்பதால் எந்தப் பசையும் அதன் மேல் நிலைத்து நிற்பதில்லை. அம்மி தேய்ந்து வழுக்கினால் என்ன செய்கிறோம்? கொத்தச் சொல்கிறோம். அமிலமும் பல்லுக்கு அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அது கொத்தும் குழிகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு ஆழம்தான். 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவி உலர்த்தினால் அந்த இடம் தேய்த்த கண்ணாடிபோல வெளுத்துத் தெரியும். அதன் மேல் நீர்போன்ற பிசினைத் தூரிகையால் தடவினால், அது குழிகளுக்குள் இறங்கும். பின்னர் நீல ஒளியைக் காட்டினால் உறைந்து, ஆயிரக்கணக்கான சிறு வேர்களாகப் பற்றிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்தவர் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் ஆய்வாளர். ஆண்டு 1955. உலோகத்தின் மேல் சாயமும் பிசினும் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதை அறிந்து, அதையே அவர் பல்லில் முயன்று பார்த்தார். அன்று அவர் கையாண்டது 85 விழுக்காட்டு அமிலம்! மாலையில் இதைச் சொன்னபோது தங்கையின் கணவருக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவர். "சாயம் பூசுமுன் நாங்களும் இரும்பைச் சொரசொரப்பாக்குவோம், அக்கா. வழுக்கும் இரும்பில் பூசினால் உரிந்துவிடும்" என்றார்.

அதற்கு முன்பு வரை பல்லை அடைத்ததெல்லாம் வேறு தத்துவம். என் கடைவாயில் சிறுவயதில் வைத்த பாதரசக் கலவை அடைப்பு ஒன்று இன்னும் இருக்கிறது. அது பல்லோடு ஒட்டவில்லை. குடுக்கைபோல வாய் குறுகி வயிறு அகலமாகக் குடைந்த குழிக்குள் சிக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தக் குழிக்காக நல்ல பல்லையும் கொஞ்சம் வெட்டத்தான் வேண்டும். 1962-இல் ரஃபேல் போவன் என்பவர் பல்லின் நிறத்துக்கு இசைந்த காம்போசிட் கலவைக்கு உரிய பிசினை உருவாக்கினார். அது அமில முறையோடு சேர்ந்த பிறகுதான் சொத்தையை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவைப்பது நடைமுறைக்கு வந்தது. இன்று எம்.ஆர்.டி. ரயிலில் காணும் பிள்ளைகளின் பல் கம்பிகளும் இப்படித்தான் ஒட்டப்படுகின்றன. முன்பெல்லாம் பல்லுக்குப் பல் வளையம் மாட்டினார்கள்.

பற்சிப்பிக்கு உள்ளே இருக்கும் டென்டின் எளிதில் வசப்படவில்லை. அதில் நீரும் நாரும் உண்டு. அமிலம் தாதுவைக் கரைத்ததும் நார்வலை மட்டும் மிஞ்சும். தலைமுடி தண்ணீருக்குள் விரிந்து மிதக்கிறது, வெளியே எடுத்தால் திரியாக ஒட்டிக்கொள்கிறது அல்லவா? அந்த நார்வலையும் அப்படியே. அளவுக்கு மீறி உலர்த்தினால் அது படிந்துவிடும், பிசின் உள்ளே நுழையாது. ஈரம் அதிகமானாலும் கெடுதல். ஜப்பானியப் பேராசிரியர் நகபயாஷி 1982-இல், பிசின் இந்த நார்வலைக்குள் ஊடுருவிக் கலந்து நிற்கும் அடுக்கை விளக்கிக் காட்டினார். உடைந்த துண்டைப் பாலிலோ தண்ணீரிலோ வைக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். காய்ந்த துண்டு சுண்ணாம்பாய் வெளுக்கும், பிடிப்பும் குறையும்.

இவ்வளவு நுணுக்கமான வேலையை ஒரு சொட்டு எச்சில் கெடுத்துவிடும். என் அனுபவமே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன், பெயர் வேண்டாம், ஒரு மருந்தகத்தில் அவசரமாக அடைத்த என் பல், நான்கு மாதத்தில் பலகாரம் மெல்லும்போது கையோடு வந்துவிட்டது. அன்று வாயில் பஞ்சு மட்டும் வைத்திருந்தார்கள். அது ஊறியதை நானே உணர்ந்தேன், சொல்லத்தான் வாய் திறக்க முடியவில்லை. பையனுக்கோ மெல்லிய ரப்பர் விரிப்பில் துளையிட்டுப் பல்லை மட்டும் வெளியே எடுத்திருந்தார் அம்மையார். 1864-இல் பார்னம் என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்த உபாயம் அது. ரப்பர் மரத்துப் பாலை அமிலமிட்டு உறைய வைத்த குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் தோட்டத்தில் இப்போது செம்பனைதான். அந்த விரிப்பைப் பார்த்ததும் என்னையறியாமல் தொட்டுப் பார்த்தேன்.

எல்லாப் பல்லும் அமிலத்துக்கு ஒரே மாதிரி இணங்குவதில்லை. தமிழ்நாட்டின் தர்மபுரிப் பக்கத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதால் பலருக்குப் பழுப்பேறிய பற்கள். அந்தப் பற்சிப்பி அமிலத்தை எதிர்த்து நிற்கும். மருத்துவர் மேற்பரப்பைச் சற்றே தேய்த்தோ, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்தோதான் ஒட்ட வேண்டியிருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது அந்த நீரிலிருந்து மக்களை மீட்கத்தான். சிங்கப்பூரிலோ 1950-களின் பிற்பகுதியிலிருந்தே குடிநீரில் புளோரைடை அளந்து சேர்க்கிறார்கள். அளவில் இருந்தால் காப்பு, மிஞ்சினால் கறை.

பையனின் பல்லுக்கு வருவோம். அமிலம், கழுவல், பிசின், 20 விநாடி நீல ஒளி. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்துவிட்டான். விரிசல் கோடு எங்கே என்று தங்கை இன்னும் தேடுகிறாள். ஆனால் இது நிரந்தரம் என்று அம்மையார் சொல்லவில்லை. இன்னோர் அடி பட்டால் துண்டு கழன்றுவிடலாம். அடிபட்ட நரம்பு மாதங்கள் கழித்தும் செத்துப்போகலாம். ஆகையால் குறித்த நாள்களில் வந்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இதுவரை குறையில்லை.

முழுப் பல்லும் வேரோடு விழுந்தால் கதை வேறு. வேரைத் தொடாமல் மேற்பக்கத்தைப் பிடித்து, பாலில் இட்டு, அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓட வேண்டும். பால் பல்லானால் திரும்பப் பொருத்துவதில்லை.

கொய்யாக்காயை முன்பல்லால் கடிக்கக் கூடாது என்பது பையனுக்கு இட்ட கட்டளை. சென்ற மாதம் நான் தோட்டத்துக் கொய்யா கொண்டுவந்தபோது, "பெரியம்மா, நறுக்கிக் கொடுங்க" என்று தட்டை நீட்டினான்.