மூன்று வாரம் என்று எழுதியது

பட்டம் பெறும் இளம் வழக்கறிஞர்களே!

தசராவுக்குப் பேர்போன நம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சிறிய செயற்கைக்கோள்களை எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகள் இங்கிருந்து தெற்கே சுமந்து செல்லும். வெளிநாட்டு ஒப்பந்தங்கள் வரும், தகராறுகளும் கூடவே வரும். ஆகவே ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன்.

இஸ்ரோவின் வணிக நிறுவனமான ஆன்ட்ரிக்ஸ், 2005 ஜனவரியில் தேவாஸ் நிறுவனத்தோடு இரண்டு செயற்கைக்கோள்களின் எஸ்-பேண்ட் அலைவரிசைக்காக ஒப்பந்தம் போட்டது. தகராறு வந்தால் இரு தரப்பு மூத்த நிர்வாகிகளும் மூன்று வாரத்தில் தீர்க்கப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் நடுவர் மன்றம் என்றும் எழுதிக்கொண்டார்கள். 2011இல் ஒப்பந்தம் ரத்தானது. 2015இல் நடுவர் மன்றம் தேவாஸுக்கு 56.25 கோடி டாலர் தரச் சொன்னது. 2022இல் நம் உச்ச நீதிமன்றம், தேவாஸ் மோசடிக்காகவே தொடங்கப்பட்டது என்று கண்டு அதைக் கலைத்ததை உறுதி செய்தது. டெல்லி உயர் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பையும் ரத்து செய்தது. அதற்கும் பிறகு, 2025 ஜூனில் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நின்றது.

மோசடியைச் சமரசத்தால் மூடக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாத் தகராறும் மோசடி அல்ல. ஏவுதல் ஆறு மாதம் தள்ளிப்போகிறது என்று வையுங்கள். வழக்காடினால் கேட்கக்கூடியது நஷ்டஈடு. வாடிக்கையாளருக்குத் தேவையோ, அடுத்த ராக்கெட்டில் ஓர் இடம். இரு தரப்பையும் தனித்தனியே உட்கார வைத்து, சொன்னதை வெளியே விடாமல் கேட்கிற ஒரு சமரசருக்குத்தான் அது தெரியவரும். கோபத்தில் இருக்கும் இரண்டு நிர்வாகிகளை மட்டும் எதிரெதிரே உட்கார வைத்தால் தெரியாது. அந்த மூன்று வார ஷரத்தில் நான் காணும் குறை, நடுவே ஆள் இல்லாததுதான்.

சமரசம் நமக்குப் புதிதல்ல. சென்னை உயர் நீதிமன்றம் 2005இலேயே சமரச மையம் தொடங்கியது. எல்லை தாண்டும் சமரச உடன்பாடுகளுக்கான சிங்கப்பூர் உடன்படிக்கையில் இந்தியா 2019 ஆகஸ்ட் 7 அன்று, முதல் நாளே கையெழுத்திட்டது. ஆனால் இன்னும் ஏற்புறுதி தரவில்லை. தர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன். நமது 2023ஆம் ஆண்டுச் சமரசச் சட்டமோ இந்தியாவுக்குள் நடக்கும் சமரசத்துக்கே பொருந்தும். வெளிநாட்டில் பேசி முடித்த உடன்பாட்டை இங்கே அந்தச் சட்டப்படி தீர்ப்பாணைபோல் நிறைவேற்ற வழியில்லை.

ராக்கெட் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து இறால் ஏற்றுமதி செய்பவர் நாளை உங்களிடம் ஒப்பந்தம் எழுத வருவார். விலையும் தேதியும் எழுதிய கையோடு, சமரசரை யார் நியமிப்பது, எந்த ஊரில் உட்காருவது, எந்த மொழியில் பேசுவது, எத்தனை நாள் என்பதையும் கேட்டு எழுதிவிடுங்கள்.