வீழ்ந்த அணியும் பயிற்றுநரும்

ஒரு பயிற்றுநரின் திறமையை எதனைக் கொண்டு அளப்பது? வெற்றிகளை எண்ணினாற் போதும் என்பர் பலர். நல்ல நிலையிலுள்ள அணிக்கு அது பொருந்தலாம். வீழ்ந்து கிடக்கும் அணியொன்றை மீண்டும் கட்டியெழுப்ப வந்தவரையும் அதே அளவுகோலால் அளத்தல் நீதியாகுமா? அமெரிக்காவின் கான்சஸ் மாநிலச் சர்வகலாசாலையின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் எனக் கூறுவது, நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டமாகும். அங்கே சர்வகலாசாலைப் போட்டிகளைக் காணப் பல்லாயிரம் மக்கள் திரள்வர். ஆதலால் தோல்வியுறும் பயிற்றுநருக்குப் பொறுமை காட்டுவோர் மிகச் சிலரே.

1988ஆம் ஆண்டின் இறுதியில் பில் ஸ்னைடர் தலைமைப் பயிற்றுநர் பதவியை ஏற்றபோது அவருக்கு வயது 49. அதற்கு முன்னர் ஐயோவா சர்வகலாசாலையில் ஹேய்டன் ஃபிரை என்பாரின்கீழ்ப் பணியாற்றியவர் அவர். கான்சஸ் மாநில அணியோ அதுவரை தொடர்ந்து 27 ஆட்டங்களில் வெற்றியைக் காணவில்லை. ஒன்று சமநிலையாயிற்று, ஏனைய 26உம் தோல்விகள். புதியவர் வந்த பின்னரும் முதல் மூன்று ஆட்டங்கள் தோல்வியிலேயே முடிந்தன. 1989 செப்டெம்பர் 30ஆந் தேதி வட ரெக்சாஸ் அணியை, ஆட்டத்தின் இறுதி முயற்சியில், 20க்கு 17 என்ற கணக்கில் வென்றனர். அவ்வாண்டில் கிட்டிய வெற்றி அது ஒன்றே, தோல்விகள் பத்து.

கணக்கேட்டை மட்டும் நோக்குபவர், இவரும் பயனற்றவர் என்றே தீர்ப்புக் கூறியிருப்பர். ஆனால் அக்காலத்தில் மாணாக்கர் ஒருவரால் நான்கு பருவங்களே ஆட இயன்றது. ஆகவே புதிதாக வரும் பயிற்றுநர் முதலில் பிறர் தெரிந்தெடுத்த அணியையே நடத்துகின்றார்; தாம் தெரிந்தெடுத்த இளைஞர் முதிர்ந்து ஆடும்வரை அவர்தம் உழைப்பு முற்றாக வெளிப்படாது. ஸ்னைடர் தம் வீரர்களுக்கு 16 குறிக்கோள்களை வகுத்தார். ஆட்டத்திலும் படிப்பிலும் ஒழுக்கத்திலும் நாள்தோறும் முன்னேறுதல் அவற்றுள் ஒன்று.

1990இல் ஐந்து வெற்றிகள், 1991இல் ஏழு. 1992இல் மீண்டும் ஐந்தாகக் குறைந்தது. அந்நிலையில் நம்பிக்கையிழப்பது எளிது. சர்வகலாசாலையோ அவரைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டிலேயே ஒன்பது வெற்றிகள் கிட்டின. பருவ முடிவில் நடைபெறும் சிறப்புப் போட்டியொன்றில் அச்சர்வகலாசாலை முதன்முறையாக வென்றதும் அப்போதுதான். 1934க்குப் பின் எட்டாதிருந்த பிராந்திய வெற்றிப்பட்டம், 2003இல் ஒக்லஹோமாவை 35க்கு 7 என வீழ்த்தியதால் கைக்கு வந்தது.

குறைகளையும் மறைத்தல் கூடாது. வலிமை குறைந்த அணிகளையே தேடி ஆட்டங்களை ஒழுங்கு செய்தார் என்ற பழி அவருக்குண்டு. அதில் உண்மையில்லாமலில்லை, எனினும் வெற்றியையே மறந்துவிட்ட இளைஞருக்கு, வெல்லவும் கூடும் என்று முதலிற் காட்டவேண்டியிருந்தது. இதனினும் பெரிய குறை வேறொன்று. 2005இல் அவர் விலகியபின் வந்த மூன்று பருவங்களில் அணி 17 ஆட்டங்களில் வென்று 20இல் தோற்றது. 2008இன் இறுதியில் அவரையே மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. அவரும் வந்து, 2012இல் மறுபடியும் பட்டத்தை ஈட்டித் தந்தார். ஒருவரையே தூணாகக் கொண்டு எழுந்த கட்டடம், அத்தூண் அகன்றதும் ஆட்டங்காணும் என்பதற்கு இதுவே சான்று.

2018ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவர் ஓய்வு பெற்றபோது 215 வெற்றிகள் அவர் பெயரில் நின்றன. அத்தொகை பெரிதே. ஆயினும் அவரை மதிப்பிட விரும்புவோர் 1989ஆம் ஆண்டின் பத்துத் தோல்விகளையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். அவற்றைப் பொறுத்துக்கொண்ட ஒரு நிறுவனம் இருந்தமையாலேயே பிந்திய வெற்றிகள் விளைந்தன.