எந்த ஊரு, என்ன ஆளு?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் கொல்லிமலைச் சந்திப்பில், வாசலூர்பட்டியில் ஆற்றிய உரை)



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். பாதிப் பேருக்குத் தலைசுற்றல் இன்னும் நிற்கவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. அதனால் நீட்டி முழக்க மாட்டேன். எங்கள் ஊருக்கு வந்ததற்கு நன்றி.

செயலாளர் அண்ணன் கொடுத்த தலைப்பு 'கலையும் நீதியும்'. கான்கிரீட் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சம்பவம்தான். அது நம் விடுதியில் நடந்தது. அன்றைக்கு அங்கே இருந்த சிலர் இன்றைக்கு இந்தப் பந்தலிலும் இருக்கிறார்கள். யாரும் பதற வேண்டாம், பெயர் சொல்ல மாட்டேன்.

2007ஆம் வருஷம். இரண்டாம் ஆண்டு. எங்கள் வரிசையில் ஒருவனுடைய செல்போன் காணாமல் போனது. அந்தத் தளத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். முதலில் திறக்கப்பட்டது மூன்று பெட்டிகள். மூன்றும் மலையிலிருந்து வந்த பையன்களுடையவை. ஒன்று என்னுடையது. என் அம்மா கட்டிக் கொடுத்த தினைமாவும் மிளகுப் பொட்டலமும் கட்டில்மேல் கொட்டிக் கிடந்ததை இன்னும் மறக்கவில்லை. மறுநாள் காலை, துவைக்கப் போட்டிருந்த பேண்ட் பையிலிருந்தே அவன் போனை எடுத்தான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதோடு முடிந்தது.

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' படம் வந்தது. த.செ.ஞானவேல் இயக்கியது. முதல் காட்சி சிறை வாசல். விடுதலையாகி வெளியே வருகிறவர்களிடம் சாதியைக் கேட்கிறார்கள். சிலரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிலரை ஓரமாக நிறுத்தி, முடிக்காமல் கிடக்கும் திருட்டு வழக்குகளை அவர்கள் தலையில் கட்டுகிறார்கள். அந்த வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஒரு போன். "மச்சான், அன்னிக்கு உன் பெட்டியத் தொறந்தது நான்தான்டா. படம் பாத்துக்கிட்டே இருக்கும்போது ஞாபகம் வந்துச்சு." அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும்தான்.

நான்கு வருஷம் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டோம். நான் சொல்லிப் புரிய வைக்காததை இரண்டரை மணி நேரப் படம் எப்படிப் புரிய வைத்தது? ரொம்ப நாள் யோசித்தேன். நான் சொல்லியிருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான். "சும்மா செக் பண்ணோம், தப்பா எடுத்துக்காத" என்றிருப்பான். திரைக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. வேறொருவனுக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, அந்த வரிசையில் தான் எந்தப் பக்கம் நின்றோம் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1989இல் நியூயார்க்கில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இனப் பையன்கள் ஐந்து பேரைச் செய்யாத குற்றத்துக்குப் பிடித்தார்கள். 2002இல் நீதிமன்றமே தண்டனையை ரத்து செய்துவிட்டது. ஆனால் ஊர் உலகம் உட்கார்ந்து வருந்தியது 2019இல், ஏவா டுவெர்னே அதைத் தொடராக எடுத்த பிறகுதான்.

ஆனாலும் படத்துக்கு மாலை போட்டுவிட்டு உட்கார எனக்கு மனசில்லை. 'ஜெய் பீம்' உண்மை வழக்கு. 1993இல் கடலூர்ப் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராசாக்கண்ணு என்பவர் அடித்துக் கொல்லப்பட்டார். வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு வாதாடினார். நிஜத்தில் அவர் குறவர் சமூகம், படத்தில் இருளர். எடுத்தவர்களுக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் பிரிட்டிஷ்காரன் 1871இல் போட்ட குற்றப் பழங்குடிகள் சட்டத்தால் பிறவித் திருடர் என்று முத்திரை வாங்கியவர்களில் குறவரும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுக்க 1952லும் அந்தச் சட்டம் போனது. முத்திரை போகவில்லை. அவர்கள் பெயரிலேயே அந்தக் கதை வந்திருக்கலாம் என்பது என் கட்சி. இன்னொன்று, படம் பார்த்தவர்களுக்கு வக்கீல் கோட்டுதான் ஞாபகம் நிற்கிறது. புருஷனைத் தேடி விடாமல் நடந்த அந்தப் பெண் கொஞ்சம் பின்னால் போய்விடுகிறாள்.

எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறேன். என் சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்றிருக்கும். முதல் வருஷம் ஓணம் வாழ்த்துச் சொன்ன நண்பர்கள் உண்டு! அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடியில் வாச்சாத்தி இருக்கிறது. அங்கே இருப்பதும் எங்கள் சனம்தான். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் உள்ளே போனார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களை நாசம் செய்தார்கள். 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்தத் தீர்ப்பைச் சினிமா வாங்கித் தரவில்லை. அந்தப் பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறி ஏறிச் சொல்லி, 19 வருஷம் காத்திருந்து வாங்கினார்கள்.

அப்படியானால் கலை எதற்கு? குஜராத்தில் அகமதாபாத்துக்குள்ளேயே சாராநகர் என்று ஒரு பகுதி. அங்கே வாழும் சாரா மக்களும் அதே 1871 முத்திரைக்காரர்கள். 1998இல் மேற்கு வங்காளத்தில் புதன் சபர் என்ற பழங்குடி மனிதர் போலீஸ் காவலில் இறந்தார். எங்கோ நடந்ததுதான். ஆனால் இது நம்ம கதைதானே என்று சாராநகர் இளைஞர்கள் அதை நாடகமாகப் போட்டார்கள். அந்தக் குழுவுக்கே புதன் தியேட்டர் என்று பெயர். யாரைத் திருடன் என்கிறார்களோ அவனே போலீஸ்காரனாக வேஷம் கட்டி லத்தியைத் தூக்குகிறான். இதைக் கேள்விப்பட்டபோதுதான் எங்கள் ஊர்க் கூத்து எனக்குப் புரிந்தது.

செக்போஸ்ட்டில் எங்களை நிறுத்துகிறவர் முதலில் கேட்பது, "எந்த ஊரு? என்ன ஆளு?" அதே கேள்வியைக் கூத்தில் யார் கேட்கிறார் தெரியுமா? கட்டியங்காரன். கிழிசல் சட்டை, கையில் ஒரு குச்சி. திரைக்குப் பின்னால் ராஜா வந்து நிற்பார், பெரிய கிரீடம். "யாருய்யா நீ? எந்த ஊரு? என்ன வேலையா வந்த?" என்று இவன் கேட்பான். ராஜா பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் சபைக்குள் காலெடுத்து வைக்க முடியாது. சின்ன வயசில் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். எங்கள் தாத்தன்மார் ஏன் அவ்வளவு சத்தமாகச் சிரித்தார்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விடுதி நூலகத்தில் ச.பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' இல்லை என்று கேள்விப்பட்டேன். வீரப்பன் வேட்டை என்ற பெயரில் சோளகர் பட்ட பாட்டைச் சொல்லும் நாவல். மூன்று பிரதிகள் கொண்டுவந்திருக்கிறேன், செயலாளர் அண்ணனிடம் இருக்கிறது.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கோயில் திடலில் கூத்து. வாத்தியாரிடம் பேசிவிட்டேன். இன்றைக்குக் கட்டியங்காரன் ராஜாவோடு நிறுத்த மாட்டான், கீழே இறங்கி வந்து முன்வரிசையில் இருக்கிறவர்களையும் கேட்பான். எனக்குப் போன் பண்ணிய நண்பன் முன்வரிசைக்கு இப்போதே துண்டு போட்டுவிட்டான். பனி இறங்கும், போர்வை எடுத்துக்கொண்டு வாருங்கள்.